ஐப்பசி மழையோடு வரும் ஃப்ளூ: கரிசல் காட்டில் யாருக்கு ஆபத்து? தடுப்பூசி எப்போது போட வேண்டும்?

வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் பகுதி கயத்தாறு. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் ஏறக்குறைய நடுவில், நான்குவழிச் சாலையின் இரு பக்கமும் விரிந்து கிடக்கும் மானாவாரிக் கரிசல் பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் தேறினால்தான் அந்த வருஷம் ஓடும். அதே மழையோடு காய்ச்சலும் வந்துவிடுகிறது. வீட்டுக்கு ஒருவர் 'மேலுக்கு முடியல' என்று படுக்க, மெடிக்கல் கடை வாசலில் கூட்டம் கூடுகிறது.

இந்தக் காய்ச்சல்களில் டெங்கு உண்டு, சாதாரணச் சளி உண்டு, ஃப்ளூ எனப்படும் பருவகால இன்ஃப்ளூயன்சாவும் உண்டு. ஃப்ளூ என்றால் "ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்பதுதான் பொதுவான பேச்சு. ஆரோக்கியமான ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் அதே வீட்டில் இருக்கும் சர்க்கரை நோயுள்ள ஆச்சிக்கும், மாசமாக இருக்கும் மருமகளுக்கும், கைக்குழந்தைக்கும் அது நிமோனியாவாக மாறலாம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 30 லட்சம் முதல் 50 லட்சம் பேர் வரை ஃப்ளூவால் கடுமையாகப் பாதிக்கப்படுவதாகவும், 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை மூச்சுத்தொற்றால் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

கை கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள், காய்ச்சல் வந்தால் வீட்டில் இருங்கள். கொரோனாவுக்குப் பிறகு இது யாருக்கும் புதிதல்ல. களையெடுப்புக் காலத்தில், தினக்கூலியை நம்பி, இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் வாழும் குடும்பம் இதில் எதைச் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

வடக்கே ஒரு சீசன், தமிழ்நாட்டுக்கு வேறு சீசன்

இந்தியாவில் ஃப்ளூ ஆண்டுக்கு இரண்டு முறை உச்சம் தொடுகிறது: ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, மழைக்காலத்தை ஒட்டி இன்னொன்று. ஆனால் நாடு முழுக்க மழை ஒரே நேரத்தில் பெய்வதில்லையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வகங்கள் பங்கேற்று 2015-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஃப்ளூ உச்சத்தில் இருந்தது. ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பரில்.

கயத்தாறுக்கும் முக்கியமான மழை அதே வடகிழக்குப் பருவமழைதான். அப்போது இந்த வட்டாரத்தில் வேறு என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டி ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பும். தீபாவளிக்குச் சென்னை, கோவை, திருப்பூரில் இருந்து பிள்ளைகள் பஸ் நிறைய வந்து இறங்குவார்கள். அது முடிந்ததும் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், கழுகுமலை. பிறகு கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை. ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றும் நோய்க்கு இதைவிட வசதியான காலண்டர் வேண்டுமா? 1957-ல் 'ஆசிய ஃப்ளூ' இந்தியாவுக்குள் நுழைந்ததே சிங்கப்பூரில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் பயணிகள் வழியாகத்தான். அன்று கப்பல், இன்று ஆம்னி பஸ்.

அதற்காக மார்கழியோடு சீசன் முடிந்தது என்று நினைக்க முடியாது. 2023-ல் எச்3என்2 வகை ஃப்ளூ நாடு முழுக்கப் பரவியது மார்ச் மாதத்தில். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு மார்ச் 10-ம் தேதி ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. புதுச்சேரியில் 8-ம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது.

காற்று மாறினால் வருவதா?

ஆடிக் காற்றில் மண் பறக்கும் ஊர் கயத்தாறு. காற்றாலைகள் இங்கே சும்மா வரவில்லை. "காத்து மாறுது, அதான் சளி புடிச்சிருக்கு" என்று சொல்வது இயல்பு. தூசியால் தும்மலும் மூக்கில் நீர் வடிதலும் வரும்தான். ஆனால் அது ஒவ்வாமை. காய்ச்சல் இருக்காது, யாருக்கும் ஒட்டாது.

ஃப்ளூ வைரஸால் வருவது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். அப்படித் திடீரென வருவதுதான் அதன் அடையாளம். காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, தொண்டை வலி, வறட்டு இருமல், எழுந்து நடக்க முடியாத அசதி. சாதாரணச் சளி மெதுவாக ஏறும், மூக்கோடு நிற்கும்.

இப்போது சுற்றுவது முக்கியமாக எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு 'ஏ' வகைகளும் ஒரு 'பி' வகையும்தான். இதில் எச்1என்1 என்றதும் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பயம் வருகிறது. 2009 ஜூனில் உலகத் தொற்றாக அறிவிக்கப்பட்டு, 2010 ஆகஸ்டில் அந்த அறிவிப்பு முடித்துவைக்கப்பட்ட அதே வைரஸ்தான். அதன்பிறகு அது வழக்கமான பருவகால ஃப்ளூவில் ஒன்றாகிவிட்டது. பன்றி வளர்ப்பவரைத் தெருவில் ஒதுக்குவதால் ஒரு பயனும் இல்லை. மனிதரிடம் இருந்து மனிதருக்குத்தான் இது பரவுகிறது.

வைரஸ் உள்ளே போய் 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறி வரும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். முதல் மூன்று, நான்கு நாட்கள்தான் உச்சம். ஒரு வாரம் வரைகூடப் பரவலாம். சிறு பிள்ளைகளிடம் இருந்து அதையும் தாண்டிப் பரவும்.

5 நாள் லீவு யார் தருவார்?

காய்ச்சல் மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. நடைமுறையில் நான்கைந்து நாள் ஆகும். ஃப்ளூ பரவாமல் தடுக்க இதைவிடப் பலன் தரும் வழி குறைவு. இதைவிடச் செலவு பிடிக்கும் அறிவுரையும் குறைவு.

களை எடுக்க ஆள் தேவைப்படும் வாரங்கள் ஆண்டில் சில மட்டுமே. அந்த வாரங்களில் படுத்தால் கூலி போச்சு. தீப்பெட்டி ஆலைகளில் எண்ணிக்கைக்குச் சம்பளம் வாங்குபவருக்கும் இதே கதைதான். எனவே 'வீட்டில் ஓய்வெடுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை.

ஒரு பிரிவினருக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் நூற்பாலை, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர்கள் நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். தினசரி சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. ஐந்து நாள் ஃப்ளூவில் படுத்தால் மூன்று நாளுக்குத்தான் 70 சதவீதம் வரும். ஆக, அதிகமாகப் பரப்பக்கூடிய முதல் இரண்டு நாட்களில்தான் வேலைக்குப் போக வேண்டிய நெருக்கடியும் அதிகம். காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த மூன்று நாள் பணமும் இல்லை.

போயே ஆக வேண்டும் என்றால் ஆபத்து எங்கே அதிகம் என்று தெரிந்துகொள்வது உதவும். திறந்த வெளியில், காற்றோட்டத்தில், தள்ளித் தள்ளி நின்று களை எடுக்கும்போது பரவல் குறைவு. சிக்கல் காட்டுக்குப் போகும் வண்டியில். தார்ப்பாய் மூடிய லோடு ஆட்டோவில், வேனில், பத்துப் பதினைந்து பேர் முட்டியோடு முட்டி உரசி அரைமணி நேரம் போவதுதான் வைரஸுக்கு வாய்ப்பு. இருமல் உள்ளவர் மாஸ்க் போட்டு, திறந்த பக்கம் உட்கார்வது சின்ன விஷயம், பலன் பெரியது. மாஸ்க் இல்லையென்றால் முழங்கையை மடக்கி அதற்குள் இருமலாம். முந்தானையிலும் துண்டிலும் இருமிவிட்டு, அதே துணியால் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுதான் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகிறது. ஒரே செம்பில் எல்லோரும் தண்ணீர் குடிப்பதையும் அந்தச் சில நாட்கள் நிறுத்தலாம். ஆளுக்கொரு பாட்டில் போதும்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருவதால் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் பெற்றோர் உண்டு. ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் காலையில் சூடு தெரியாது, மதியம் சத்துணவு வரிசையில் தெரியும். பள்ளிகளே "காய்ச்சல் என்றால் வர வேண்டாம், தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே சொன்னால் ஒழிய இது மாறாது.

ஒரே வீட்டுக்குள் எப்படி ஒதுங்குவது?

தனி அறை, தனிக் கழிப்பறை என்பதெல்லாம் பல வீடுகளில் நடக்காது. இருக்கும் இடத்துக்குள் செய்யக்கூடியது இதுதான்: காய்ச்சல் வந்தவரின் பாய் ஜன்னலோரம் அல்லது வராண்டாவில் இருக்கட்டும். ஆச்சியும் கைக்குழந்தையும் எதிர்ப்பக்கம். அருகருகே படுக்க வேண்டி வந்தால் ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் வருமாறு படுக்கலாம். மழைக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவைப்பது வழக்கம். சாரல் படாத ஒரு ஜன்னலையாவது திறந்து வைப்பது அவசியம்.

தாய்க்கே காய்ச்சல் வந்தால்? தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பால் வழியாக ஃப்ளூ பரவாது, நோயை எதிர்க்கும் பொருட்கள்தான் பாலில் போகின்றன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் அணிந்து பால் கொடுத்தால் போதும்.

சுக்குக் கசாயம், தூதுவளை ரசம், கஞ்சி எல்லாம் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர்ச்சத்து. தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கசாயம் குடிப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்குக் கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிப்பது வேண்டாம். சளி குணமாவதற்குள் முகம் வெந்துபோன சம்பவங்கள் எந்த அரசு மருத்துவமனைக்கும் புதிதல்ல.

ஃப்ளூவா, டெங்குவா?

இந்தச் சீசனின் பெரிய குழப்பம் இதுதான். இரண்டிலும் காய்ச்சல், இரண்டிலும் உடம்பு வலி. இருமலும் தொண்டை வலியும் முன்னால் நின்றால் ஃப்ளூவாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி இருந்து இருமல் இல்லாவிட்டால் டெங்குவை நினைக்க வேண்டும். ஆனால் உறுதியாகச் சொல்லப் பரிசோதனை வேண்டும்.

கவனிக்க வேண்டிய முக்கியமான வித்தியாசம் காய்ச்சல் விடும் நேரத்தில் இருக்கிறது. ஃப்ளூவில் காய்ச்சல் விட்டால் பொதுவாகத் தேறுகிறார் என்று பொருள். டெங்குவில் மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டமே தொடங்கலாம். "காச்சல் விட்டுருச்சு" என்று அப்போது காட்டு வேலைக்குக் கிளம்புவது ஆபத்து.

எது என்று தெரியாதவரை பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பானது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடும். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் பாதிக்கும் அரிதான நோயைத் தூண்டலாம்.

'ஒரு ஊசி போடுங்க டாக்டர்'

மெடிக்கல் கடையில் "காச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்றால் நான்கைந்து மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவது இன்றும் நடக்கிறது. அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. சளி மாத்திரை பலவற்றிலேயே பாராசிட்டமால் கலந்திருக்கும். அதோடு தனியாக ஒரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் மோசம். காய்ச்சல் சட்டென்று இறங்கி, குணமானதுபோலத் தெரியும். உள்ளே வைரஸை எதிர்க்கும் சக்தி குறையும், சர்க்கரை எகிறும்.

ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஊசியும் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவ சங்கம் இதைத்தான் பகிரங்கமாக எச்சரித்தது: காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம், அதற்காக அசித்ரோமைசின், அமாக்சிக்ளாவ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருமல் நிற்கவில்லையே என்று இரண்டாம் வாரம் மூன்றாவது டாக்டரிடம் போவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ளூவுக்கென்றே உள்ள மருந்து ஒசெல்டாமிவிர். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் முழுப் பலன். எல்லோருக்கும் தேவையில்லை. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமலேயே மருத்துவர் தொடங்கலாம் என்பது மத்திய சுகாதாரத்துறையின் வழிகாட்டுதல். எனவே இவர்கள் விஷயத்தில் 'மூன்று நாள் பார்ப்போம்' என்ற கணக்கு தப்பு. காய்ச்சல் வந்த மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவு தடுமாறும் அளவுக்கு மயக்கம், உதடோ நகமோ நீலம் பாரித்தல், சளியில் ரத்தம். குழந்தை என்றால் பால் குடிக்காமல் சோர்வது, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வயது வித்தியாசம் இல்லாமல் உடனே 108. ஒருமுறை விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஏறினாலும் அசட்டையாக இருக்கக் கூடாது. நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று சேர்ந்திருக்கலாம். கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்து வைக்கலாம். அளவு 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் சாலைகள் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளைப் பத்து நாளுக்காவது மழைக்கு முன்பே கையிருப்பில் வைப்பதும் ஃப்ளூ பாதுகாப்பில் சேர்த்திதான்.

ஒரே ஒரு ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்?

ஃப்ளூ தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரில் போட்டால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்கு இது ஒரு மாத மளிகைச் செலவு. எல்லோருக்கும் போட முடியாத வீட்டில் யாருக்கு முதலில்?

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு. ஒரு ஊசியில் இரண்டு உயிருக்குப் பாதுகாப்பு. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி போடவே முடியாது. தாயிடம் இருந்து வரும் எதிர்ப்பு சக்தி மட்டுமே அதற்குக் கவசம். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பிணி இல்லாத வீட்டில் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ள முதியவருக்கு. பல ஆண்டுகள் பஞ்சுத் தூசியில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவர்களும் இதே வரிசையில் வருவார்கள். அடுத்து ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 9 வயதுக்குள் முதன்முறையாகப் போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊசியால் ஃப்ளூ வருமா? வராது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. கை வலியும் ஒரு நாள் லேசான சூடும் இருக்கலாம். முழுக்கத் தடுத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. வைரஸ் வகையோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போக வேண்டிய அபாயத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. அதையும் மீறி வந்தால் தீவிரம் குறைவாக இருக்கும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அதன் பலம் குறையத் தொடங்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கும் செப்டம்பரில் தென் பாதிக்கும், தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. தமிழ்நாட்டின் உச்சம் அக்டோபரில் தொடங்குவதால், அப்போது கிடைக்கும் புதிய ஊசியை ஆவணியில், பிந்தினால் புரட்டாசி முதல் பாதிக்குள் போட்டுவிடுவது பொருத்தம். தீபாவளிக்குப் பிறகு ஊரே இருமும்போது போய்க் கேட்பது தாமதம்தான். ஆனாலும் போடாமல் இருப்பதற்கு அது மேல். மார்ச் வரை சீசன் நீளக்கூடும் என்று பார்த்தோமே. அருகில் எங்கே கிடைக்கிறது, யாருக்குப் பொருந்தும் என்பதை 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு அரசிடம் ஏற்கெனவே பாதிப் பதில் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்த ஆச்சிக்குச் சர்க்கரை என்பது அவர்கள் நோட்டில் இருக்கிறது. கர்ப்பிணிகளின் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது. இந்த இரண்டு பட்டியலையும் வைத்து, விதைப்புத் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், கரிசல் கிராமங்களில் இலவசமாக ஃப்ளூ ஊசி போட முடியும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய கணக்கெடுப்போ வேண்டாம். வேண்டியது ஊசி வாங்கப் பணமும், டெல்லியின் காலண்டரை விட்டுவிட்டு ஐப்பசி மழைக்கு முன்பே அதை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் ஓர் உத்தரவும். வீடு வீடாகப் போகும் அந்தத் தன்னார்வலர்களுக்கும் முதல் நாளே ஊசி போட்டுவிட வேண்டும். ஒரு காலைப் பொழுதில் பத்து முதியவர்களின் கையைத் தொட்டு பி.பி. பார்ப்பவர்கள் அவர்கள்.